பெயர் வெட்டுகிறவர்

பாத்திரக் கடைகளில் பெயர் வெட்டிக் கொடுக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படியோரமாக ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். சிற்றுளி ஒன்று, சுத்தியல் ஒன்று, அவ்வளவுதான் ஆஸ்தி. டக், டக் என்று தட்டத் தட்ட, குடத்தின் கழுத்தில் தாய்மாமன் பெயரும் கல்யாணத் தேதியும் பிறந்துகொண்டே வரும். பாகப்பிரிவினைச் சண்டையில் பெரிய மனிதர் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மதிப்பு அந்த எழுத்துக்கு உண்டு. இப்போது மின்சாரப் பேனா வந்துவிட்டது. கொசு மாதிரி ரீங்காரம் செய்துகொண்டு தகட்டின் மேல் கிறுக்குகிறது. எழுத்து இருக்கும், ஆழம் இராது.

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் அப்படி உளி பிடிக்கிற பெரியவர் ஒருவரிடம் நான் கொண்டுபோனது குடமும் இல்லை, தூக்கும் இல்லை. ஒரு தூண்டில் சக்கரம்.

அது என் தாயாரின் தகப்பனாருடையது. நீலகிரியில் ஒரு தோட்டத் துரையிடம் வேலை பார்த்தவர் தாத்தா. துரை மீன் பிடிக்கப் போனால், கழியையும் வலையையும் சுமந்துகொண்டு பின்னால் போவார். 1960களில் துரை சீமைக்குத் திரும்பும்போது இந்தச் சக்கரத்தைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா அதோடு மலையிறங்கி, வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடியேறினார். இங்கே ஏரி மீன் என்றால் கெண்டையும் விராலும்தான். இந்தச் சக்கரத்துக்கு உரிய மீன் டிரவுட்.

அந்த மீன் நீலகிரிக்கும் அந்நியன்தான். 1863ல் பிரான்ஸிஸ் டே என்ற வைத்தியர் அதைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907ல் வில்ஸன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகு, வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் டிரவுட் அந்த ஓடைகளில் வேர் பிடித்தது. அதைப் பிடிப்பதற்கு இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்கிறார்கள். நம் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு இதற்காகவே சீமையில் ஏகக் கிராக்கி இருந்தது! எடையில்லாத பூச்சியை எறிய முடியுமா? அதனால் கனமான கயிற்றையே சாட்டை போல வீசுகிறார்கள். பூச்சி அதன் பின்னாலேயே போகிறது. கயிற்றைச் சுற்றி வைத்துக்கொள்வதும், மீன் இழுத்தால் அளந்து விடுவதும் சக்கரத்தின் வேலை. உள்ளே ஒரு பல்சக்கரம், அதில் படிகிற நாக்கு, நாக்கை அழுத்தும் வில். இழுத்தால் ‘கர்ர்ர்’ என்று சத்தம் வரும்.

அந்தச் சத்தம்தான் தாத்தாவுக்கு வேண்டியிருந்தது. சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து, கயிறு இல்லாத சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

அவருக்குப் பிறகு அது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் எடுத்தபோது வில் துருவேறி ஒடிந்திருந்தது. அலுமினியத் தகட்டில் உப்புப் பூத்திருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகுதான் திருகாணி அசைந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும், ஆல்ன்விக் ஊர் ஹார்டி சகோதரர்களின் முத்திரை தெரிந்தது. 1872ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய வீடு அது. 1891ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பெர்பெக்ட்’ வகைதான் இதுவும். பால் பேரிங் குண்டுகளின் மேல் சுழல்வது. கடிகாரம் ரிப்பேர் செய்கிற நண்பர் ஒருவர், பழைய சுவர்க் கடிகாரத்தின் வில்லில் ஒரு துண்டு நறுக்கி, அராவி, நாக்குக்குப் பொருத்தித் தந்தார்.

கைப்பிடியில் கட்டை விரல் தேய்த்த பள்ளத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை அம்மா.

முத்திரைக்குக் கீழே துரையின் முதலெழுத்துகள் மூன்று. தாத்தா பெயர் எங்கும் இல்லை. பழைய சக்கரம் சேகரிக்கிறவர்கள், புதிதாக எதையும் வெட்டாதே, விலை போய்விடும் என்பார்கள். வாஸ்தவம். விற்கிறவனுக்கல்லவா விலை?

பெரியவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடிக்கட்டை பித்தளை, தம்பி. அதிலே வெட்டினா எழுத்து கண்ணாடி மாதிரி நிக்கும். இந்தத் தகடு அலுமினியம். உளியிலே ஒட்டிக்கும்” என்றார்.

“அடியிலே வெட்டினா கழியிலே மாட்டினதும் மறைஞ்சுபோயிடுமே ஐயா” என்றாள் அம்மா. “எங்கப்பா முப்பது வருஷம் பின்னாலேயே நடந்தவரு. பேராவது முன்னாலே இருக்கட்டும்.”

“அப்போ இந்த இங்கிலீஷ் எழுத்தை அழிச்சிட்டு வெட்டவா?”

நான் பேசாமல் இருந்தேன். முடிவு அவளுடையது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “வேணாம். குடுத்தவர் பேரும் இருக்கணும். பக்கத்திலே வெட்டுங்க. அதே உயரத்துக்கு.”

பெரியவர் முதலில் ஓர் அலுமினிய மூடியில் வெட்டிப் பார்த்தார். பிறகு உளி முனையை மண்ணெண்ணெயில் தோய்த்துக்கொண்டார். ஒட்டாமல் இருக்க அதுதான் வழியாம். பென்சிலால் எழுதிய கோட்டின் மேல், நெல்முனை அளவுக்குச் சிறு சிறு வெட்டுகள். நம் எழுத்தின் சுழிகள் உளிக்குச் சோதனைதான். ‘ண’ ஒன்றுக்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஊதினார், வெள்ளித் தூசி பறந்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முழுப் பெயர்.

அம்மா வாங்கிக் கைப்பிடியைச் சுற்றினாள். கர்ர்ர்.

“சத்தம் மெல்லிசா இருக்குடா. அப்பா சுத்தறப்போ இன்னும் கனமா கேக்கும்.”

“வில்லு புதுசும்மா. பழகணும்” என்றேன்.

“பழகட்டும்” என்று இன்னொரு முறை சுற்றினாள்.