பெயரில் இருக்கும் பொறுப்பு

மென்பொருள் எழுதுவோரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதைப் பொதியாகக் கட்டிப் பிறர் கணினியில் சேர்ப்போரைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. நூலுக்கு மெய்ப்புப் பார்த்தவரை வாசகர் அறியாததைப் போலத்தான் இதுவும். பிழை கண்ணில் பட்டால் மட்டுமே அப்படியொருவர் இருப்பது நினைவுக்கு வரும். டெபியன் லினக்ஸுக்கான பொதிகளை ஓய்வு நேரங்களில் கட்டிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அவற்றுள் எங்களை மிகுதியும் யோசிக்கவைத்தது மேசா.

திரையில் முப்பரிமாண உருவங்களை வரைவதற்கான ஓபன்ஜிஎல் என்னும் கட்டளைத் தொகுதியை 1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதே கட்டளைகளுக்குப் பணியும் ஒரு நிரலகத்தை 1993இல் தம் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கிய பிரயன் பால், 1995இல் அதை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். அதுவே மேசா. பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் லைப்ரரியைத்தான் நிரலகம் என்கிறோம்.

நிரலகத்தின் கோப்புப் பெயர் வெறும் அடையாளமன்று. அது ஒரு வாக்குறுதி. லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 என்னும் பெயரின் இறுதியில் நிற்கும் அந்த ஒன்று, 'உள்ளே எதை மாற்றினாலும் உன்னை முறிக்க மாட்டேன்' என்று பிற நிரல்களுக்குச் சொல்கிறது. இக்கட்டு எங்கே வந்ததென்றால், மேசாவும் அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் தந்தது. என்விடியாவின் இயக்கியும் அதே பெயரில் தன் கோப்பைத் தந்தது. ஒரே இடத்திற்கு இரு உரிமையாளர்கள். ஒன்றை நிறுவினால் மற்றொன்று மறைந்தது. ஒன்றின் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை அமர்த்தும் உபாயங்களைப் பொதி கட்டுவோர் பல ஆண்டுகள் செய்துவந்தனர்.

என்விடியாவைச் சேர்ந்த ஆண்டி ரிட்ஜர் எக்ஸ்.ஆர்க் மாநாட்டில் விளக்கிய திட்டம் இதற்கு வழிகாட்டியது. அதன்வழி உருவான லிப்ஜிஎல்விஎன்டி, அந்தப் பொதுப் பெயரைத் தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஒரு கோடும் வரைவதில்லை. வாயிலில் நின்று, வரும் கட்டளையை உரிய இயக்கியிடம் அனுப்பிவைக்கிறது, அவ்வளவே. சண்டைக்குரிய பெயரை, அதனால் எந்த ஆதாயமும் இல்லாத ஒருவரிடம் ஒப்படைத்த தீர்வு இது.

மேசாவின் உள்ளேயும் பெயர்க் கதை உண்டு. பற்பல வரைகலை அட்டைகளுக்கான இயக்கிகள் நெடுநாள் ஒரே கோப்பாகவே இருந்தன. அந்த ஒன்றுக்கே ரேடியான்எஸ்ஐ, ஐரிஸ், நூவோ என்று பல பெயர்கள். 2024இல் அவை லிப்கேலியம் என்னும் பொது நிரலகமாக மாறின. அதன் பெயரிலேயே முழுப் பதிப்பெண்ணும் சேர்ந்திருக்கிறது. டெபியனில் பொதியின் திருத்த எண்ணும் அதில் ஒட்டிக்கொள்கிறது. அதாவது, 'நாளை நான் இப்படியே இருப்பேன் என்று எவருக்கும் சொல்லவில்லை' என்று பெயரிலேயே அறிவித்துவிடுகிறது. அதைச் சார்ந்த மேசாப் பொதிகளும் அதே பதிப்பைத்தான் கேட்கின்றன.

இந்தக் கண்டிப்பு எங்களைச் சோதித்த நாள் ஒன்றுண்டு. ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர் புதிய வரைகலை அட்டை வாங்கியிருந்தார். 2023இல் வந்த டெபியன் 12இன் மேசாவுக்கு அந்த அட்டையைத் தெரியாது. இயக்கி கிடைக்காதபோது எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வழி வரைதல் பொறுப்பேற்கும். திரை அணைவதில்லை, ஆனால் சுமையெல்லாம் மையச் செயலியின் தலையில் விழ, ஒவ்வோர் அசைவும் இழுபடும். அவருக்காகப் புதிய மேசாவை 64 பிட்டில் கட்டினோம். அவர் பிழைப்புக்கு ஆதாரமான வரைபட நிரலோ பழைய 32 பிட். இரு வகைக்கும் உரிய மேசாப் பொதிகள் ஒரே பதிப்பாக இல்லாவிடில் டெபியன் ஏற்காது. 32 பிட் பொதிகளை நீக்கிவிடவா என்று கணினி கேட்டது.

"எண்தானே தம்பிகளா, பழைய எண்ணையே போட்டுவிட்டால் ஆகாதா?" என்றார் பெரியவர்.

"அது பொய்யாகிவிடும் ஐயா" என்றோம்.

முதற்படியில் அந்தப் பொய் செல்லுபடியாகும். ஆனால் இரு பொதிகளுக்கும் பொதுவான அமைவுக் கோப்பு ஒன்றுண்டு. அதன் உள்ளடக்கம் வேறுபட்டால் நிறுவும் கருவி அங்கேயே நின்றுவிடும். அதையும் ஏய்த்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அவர் திரை உறைந்து, அந்தப் பழைய எண்ணோடு ஒரு பிழை அறிக்கை போனால், முகமறியாத யாரோ ஒரு தன்னார்வலர், அந்தப் பதிப்பில் இல்லவே இல்லாத பிழையைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பார். அவருக்கு நாங்கள் யாரென்றும் தெரியாது.

ஆகவே 32 பிட்டிலும் கட்டினோம். அதற்குரிய எல்எல்விஎம் நிரலகத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சார்பாகச் சேர்த்து, மேலும் இரண்டு மாலைகள். பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

பொதி கட்டுவது கைவேலை என்று ஒதுக்குவோர் உண்டு. ஒன்றுக்கு அதன் மெய்யான பெயரை இடுவதும், அந்தப் பெயர் சொல்வதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ளே எதையும் வைக்காதிருப்பதுமே அதன் சாரம். எழுத்தின்மீது மதிப்புள்ளவர்களுக்கு இது அந்நியமான ஒழுக்கமாகத் தோன்றாது என்றே நினைக்கிறோம்.