சிக்கலாருக்கு மூச்சு கொடுத்தவர்கள்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். ஒன்றியத் தலைமையிடம் என்று பேர்தான். கடைத்தெருவைத் தாண்டினால் வயல். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு வந்திருந்த மேள செட்டைத் தேடித்தான் போயிருந்தேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை நாயனக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. பெண் அழைப்புக்கு இன்னும் நேரமிருந்தது. மண்டபத்து மாடியில், செட்டின் நாயனக்காரப் பெரியவரின் பேரன் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான்.

பெரியவர் உடனே படத்தைப் பார்க்கவில்லை. நாயனத்தில் கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை அவிழ்த்து வாயில் போட்டு ஊறவைத்தார். எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அமுக்கி, வெறும் சீவாளியை மட்டும் ஊதிப் பார்த்தார். பிடிக்கவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவதை நாயனத்தின் உச்சியிலுள்ள கெண்டையில் செருகிக்கொண்டார். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை மாதக்கணக்கில் காயவைத்து, வேகவைத்து, நறுக்கிக் கட்டுகிற சாமான் சீவாளி. திருவாவடுதுறைச் சீவாளிக்குத்தான் இன்றும் மதிப்பு. நாயனத்தின் உடலான உலவும் அடியிலுள்ள அணசும் நரசிங்கம்பேட்டை வேலை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல காலம் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைக் கடைந்து உலவைச் செய்வார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

“கதையில எழுதறவருக்கு என்ன தம்பி, ‘அற்புதமா வாசிச்சார்’னு ஒரு வரி எழுதிட்டா போதும். படத்துல வாசிச்சுக் காட்டணுமில்ல?” என்றார்.

ஒரு நாவலைப் படமாக்குவதில் உள்ள தலையாய சிக்கலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் 1950களின் பின்பாதியில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் இது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனத்தையும் திருவாரூர் மோகனாவின் ஆட்டத்தையும் வாசகர்கள் வாரா வாரம் காதால் கேட்கவில்லை. ஓவியர் கோபுலுவின் கோடுகளில் பார்த்துக்கொண்டு மனசுக்குள் வாசித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொரு தோடி. அதைப் படமாக எடுக்கிறவர் ஒரே ஒரு தோடியைக் கொடுத்து எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

1968 ஜூலை 27 அன்று வெளிவந்த படத்தில் இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அதற்குக் கண்ட வழி, ஒரு சண்முகசுந்தரத்தை மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்தது. முகமும் விரலும் சிவாஜி கணேசன். மூச்சு, மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சண்முகசுந்தரத்தின் பக்கத்தில் தம்பி தங்கரத்தினமாக ஏ.வி.எம். ராஜன் வாசிக்கிறார், ஒலிப்பதிவிலும் அண்ணன் தம்பிதான் வாசித்திருக்கிறார்கள். இரண்டு நாயனம் ஒரே வீட்டில் பழகியதா, வெவ்வேறு இடத்தில் பழகியதா என்பது இழைகிற இடத்தில் தெரிந்துவிடும் என்றார் பெரியவர். இரண்டாம் நாயனம் வாசிக்கிற அவருடைய மச்சான், தெரியாமலே பார்த்துக்கொள்கிற சாமர்த்தியமும் உண்டு என்று சிரித்தார்.

சகோதரர்கள் வாசிப்பதைக் கூடவே இருந்து கவனித்துப் பழகினார் சிவாஜி. அது பலித்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பெரியவர் செல்போனை நிறுத்தச் சொன்னார், திரும்ப ஓட்டச் சொன்னார். அவர் பார்த்தது விரலை அல்ல, கழுத்தை. “விரலை யாரும் பழகிடலாம். பிடி முடியற இடத்துல கழுத்து நரம்பு இறங்கணும். இவருக்கு இறங்குது பாருங்க.” மூச்சு விடாத ஒருவருக்கு மூச்சு வாங்குகிற நரம்பு. நடிப்பைப் பற்றி எத்தனையோ புகழுரை படித்திருக்கிறேன்; இந்த நரம்பைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பரிசோதனையும் நடந்திருக்கிறது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையையே எல்லிஸ் ஆர். டங்கன் 1940இல் ‘காளமேகம்’ படத்தில் புலவராக நடிக்க வைத்தார். மேதையைத் திரையில் நிறுத்தியும் படம் நிலைக்கவில்லை. ராஜரத்தினம் 1956இல் காலமானார். கிராப்பும் ஷெர்வாணியுமாக மேடையேறி, மேளக்காரன் என்று குறைத்துப் பேசுகிற இடத்தில் அடங்கிப் போகாத அவருடைய சாயல் சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் கோபத்திலிருந்துதான் படமும் தொடங்குகிறது. அழகர்கோயிலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்க, சிக்கலார் நாயனத்தை நிறுத்திவிடுகிறார். இந்தக் காட்சி வந்ததும் மாடியில் ஒரே சிரிப்பு. “நாங்க நிறுத்துனா பாக்கிப் பணம் வராது” என்றார் மச்சான். இப்போதெல்லாம் சாமி ஊர்வலத்தில் நாயனத்துக்கு முன்னால் செண்டை மேளம், பின்னால் ஸ்பீக்கர் வண்டி. மல்லாரி வாசித்தால் வாசிக்கிறவருக்கே கேட்காது. சிதம்பரம் நடராஜர் புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்போது கூட்டம் ஒதுங்கி வழிவிடுவதைப் பார்த்தவர்கள் இவர்கள்.

படம் வரும்போதே கதையின் உலகம் பழையதாகிவிட்டிருந்தது. மகள் மோகனாவை ஏதாவதொரு மிட்டாதாரிடமோ மகாராஜாவிடமோ சேர்த்துவிடத் துடிக்கிற வடிவாம்பாள், தரகு பேசுகிற வைத்தி, இவர்கள் நடமாடிய ஏற்பாட்டுக்குச் சென்னை மாகாணத்தில் 1947இலேயே தேவதாசி ஒழிப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அந்த வலியைப் படம் கொஞ்சம் இலேசாக்கிவிட்டது என்றே சொல்வேன். வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதியும் வைத்தியாக நாகேஷும் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். வடிவாம்பாளின் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. தொடர்கதைக்கு வாரம் முழுக்க அவகாசம் இருந்தது. மூன்று மணி நேரப் படத்துக்கு இல்லை. ஆனால் ரயில் பெட்டிக்குள் சண்முகசுந்தரமும் மோகனாவும் பார்த்துக்கொள்கிற காட்சியைப் பத்துப் பக்கம் எழுதினாலும் அப்படி வராது.

கீழேயிருந்து ஆள் வந்தது. பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். தவில்காரர், துணியும் பசையும் வைத்து இறுக்கிய கூடுகளை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை இன்னொரு முறை யாராவது எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“முதல்ல நாயனக்காரனைப் பிடிக்கணும் தம்பி. அப்புறம் ஹீரோவைத் தேடலாம்.”

எனக்கு முழு உடன்பாடில்லை. மோகனாவாக, ஆடத் தெரிந்த பத்மினி இல்லாவிட்டால் அந்த மூச்சு யாரை நோக்கிப் போயிருக்கும்? இதைச் சொல்வதற்குள் தவில்காரர் முந்திக்கொண்டார்.

“ரெண்டு பேரும் தவிலை விட்டுட்டீங்க. தவில்காரரா வர்ற பாலையா இல்லாம அது படமாங்க?”

பெரியவர் பதில் சொல்லாமல் படியிறங்கினார். தவில்காரர் விடுவதாக இல்லை. வலந்தலையைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டே பாலையாவின் வசனங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனார்.