நேராக இருக்கிறதா?

சென்ற மாதம் ஒரு மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பூல் கியூ உருண்டுகொண்டிருந்தது. யாரோ ஆடிப் பழகிய பழைய கோல், விலைக்கு வந்திருந்தது. நுனி மேலும் கீழும் துள்ளுவதைப் பார்த்த தம்பி மகன், “கோணல், பெரியப்பா. வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றான். அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே தீர்ப்பை நாங்களும் வழங்கியிருந்தோம்.

அப்பா நீலகிரியில் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்தார். ஆடுபவர்களின் புள்ளிகளைப் பலகையில் ஏற்றுவதும், மேசையின் பச்சைத் துணியைத் துலக்குவதும், கோல்களுக்கு நுனித்தோல் மாற்றுவதும் அவர் வேலை. ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் 1875இல் ஜபல்பூரில் தொடங்கிவைத்த ஸ்நூக்கருக்கு விதிகள் எழுதப்பட்டது உதகையில்தான் என்பதைக் குடும்பப் பெருமைபோலச் சொல்வார். 1995இல் ஊரைவிட்டுப் போன உறுப்பினர் ஒருவர் தமது ஆஷ் மரக் கோலை அப்பாவுக்குக் கொடுத்தார். பிறர் கோல்களையே துடைத்துவந்தவருக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒன்று. பள்ளி மாணவர்களான நாங்கள் அதைச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் உருட்டினோம். தடதடவெனத் துள்ளியது. “வளைஞ்சதை உங்க தலையில கட்டிட்டாங்கப்பா” என்று சிரித்தோம். அப்பா மறுத்துப் பேசவில்லை. உறையிலிட்டுப் பரணில் வைத்துவிட்டார்.

அவர் 2008இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கோவையில், கோல்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். “அடியில ஒரு பக்கம் தட்டையாச் சீவியிருக்குமே, பாத்தீங்களா?” என்று கேட்டார். ஸ்நூக்கர் கோல்கள் பலவற்றில் அப்படிச் சீவியிருப்பார்களாம். உருட்டும்போது அந்த இடம் வந்ததும் தூக்கிப்போடும். கையால் இழைத்த கோல் முழு உருண்டையாகவும் இராது. போதாக்குறைக்குத் தரையின் மேடுபள்ளமும் கோலின் கணக்கில் சேரும். அடியைக் கண்ணருகே வைத்து, நுனிவரை நோக்கி, மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வளைவு இருந்தால் கோலோடு அதுவும் சுழலும்.

வீடு திரும்பிய அன்றிரவே பரணிலிருந்து இறக்கிப் பார்த்தோம். கோல் நேராக இருந்தது. நுனியில் அப்பா புதுத்தோல் ஒட்டி, விளிம்பை வழவழப்பாக இழைத்திருந்தார். அதில் சாக்கின் நீலம் ஒரு பொட்டுகூட ஏறியிருக்கவில்லை.

இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிவிட்டு அவன் கோலைக் கழற்றச் சொன்னோம். இரண்டு துண்டுகளும் தனித்தனியே நேராக இருந்தன. தனித்தனியே உருட்டியபோதும் துள்ளவில்லை. பூட்டினால் மட்டுமே துள்ளல். அப்படியானால் குறை மூட்டில். இரண்டு முகங்களிலும் சாக்குத்தூளும் கையழுக்கும் இறுகிக் கிடந்தன. உலர்ந்த துணியால் துடைத்துப் பூட்டியதும் சீராக உருண்டது. பள்ளம் இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பார்த்தான். அடியைத் தரையில் மெல்லத் தட்டிக் காதுகொடுத்தான். எதுவும் தளர்ந்து அதிரவில்லை. நுனித்தோல் மட்டும் பளபளத்துக் கெட்டிப்பட்டிருந்தது. அதை மாற்றிக்கொள்ளலாம்.

உறையை மூடும்போது கேட்டான்: “தாத்தா தினமும் கோலோடவே இருந்தவர். அவருக்கா தெரியாது?”

தெரியும் என்றோம். பிறகு ஏன் சொல்லவில்லை என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பிள்ளைகளின் சிரிப்பைக் கெடுக்க மனம் வந்திருக்காது என்கிறான் இளையவன். படிக்கிற பிள்ளைகள் சொல்வதால், தம் கண்ணையே ஒரு கணம் சந்தேகித்திருப்பார் என்று நினைக்கிறான் மூத்தவன். அவன் ஆண்டுதோறும் மாணவர்களின் விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடிழுப்பவன்.