190-ஐ 240 ஆக்கியவர்கள்

கார் வைத்திருக்கும் நண்பர்கள் மத்தியில் இப்போது ‘ரீமேப்’ பேச்சு அதிகம். ஸ்பேனரே தேவையில்லை. லேப்டாப்பைச் செருகி, டீசல் எவ்வளவு பாயணும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளணும் என்ற கணக்கை மாற்றிவிடுவார்கள். 190 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்துக்கொண்டிருந்த 1.3 லிட்டர் டீசல், அன்று மாலையே 240 கொடுக்கும். அப்படி மாற்றிக்கொண்ட ஒரு நண்பரின் காரில் மூன்றாம் கியர் பல் உடைந்தது. கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது என்னையும் கூட்டிப்போனார்.

புதுப்பேட்டையில், கூவத்துக்குப் போகும் சந்து ஒன்றில் பட்டறை. பழைய கார்களைக் கூறுபோட்டு விற்கும் கடைகளுக்கு நடுவில் இருப்பதால், வெளியே நின்றால் கதவும் பம்பரும்தான் கண்ணில் படும். அறுபதைத் தாண்டிய பாய் ஒருவர்தான் அங்கே மேஸ்திரி. சின்க்ரோ ரிங், ஷிம் சமாச்சாரமெல்லாம் அவர் விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டது காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம். கியர்பாக்ஸின் போல்ட்டுகளைக் கழற்றும் முன்பே ஆயிலை ஒரு தட்டில் வடித்து, காந்தத்தை அதில் சுற்றவிட்டு எடுத்தார். விரலால் வழித்தார். “மை மாதிரி வந்தா வயசு. கையில குத்துச்சுன்னா பல்லு” என்றார். குத்தியது. சோற்றுப் பருக்கை அளவில் ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மணல் மணலாகச் சாம்பல் நிறம். கியரின் மேல்தோலை மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்குகிறார்கள். உள்ளே இரும்பு சற்று இளகலாகவே இருக்கும். முழுக்கக் கடினமாக்கினால் பல் சட்டென முறியும். முழுக்க இளகலாக விட்டால் தேயும்.

“எவ்வளவு டார்க் தாங்கும் பாய்?” என்று நண்பர் கேட்டார்.

“எவ்ளோ நாளைக்கு சார்?” என்றார் பாய்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கியர்பாக்ஸின் டார்க் அளவு என்பது அதைத் தாண்டியதும் உடையும் எல்லை அல்ல, ஆயுள் கணக்கு. பந்து பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பொறியாளர்களின் அடிப்படைச் சூத்திரம். 190 என்பது 240 ஆனால் சுமை கால்பங்கு கூடுகிறது. பேரிங்கின் ஆயுள் பாதியாகிறது. பல்லின் அடிப்பகுதி இன்னும் வேகமாகக் களைக்கும். அதற்கு மேல், கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் வரும் அடி இன்ஜினின் டார்க்கையே தாண்டிவிடும்.

இன்ஜின் தருவது 190 என்றாலும் முதல் கியரின் விகிதம் 3.5 என்றால் அடுத்த ஷாஃப்ட்டுக்குப் போவது 665. கடைசிப் பல்சக்கரத்தில் இன்னொரு நான்கு மடங்கு. சாய்வாக வெட்டிய பற்கள் இரண்டு ஷாஃப்ட்டுகளையும் விலக்கித் தள்ளும். அலுமினிய உறை அதை இழுத்துப் பிடிக்கணும். ஷாஃப்ட்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடினால் பற்சக்கரங்கள் பெரிதாகி, பல்லின் மேல் விழும் விசை குறையும். அதனால்தான் அந்தத் தூரம் பெரிதாகப் பேசப்படுகிறது. ஃபோர்டு மொண்டியோவில் வந்த எம்டிஎக்ஸ்-75 கியர்பாக்ஸின் பெயரிலுள்ள 75, அந்தத் தூரத்தின் மில்லிமீட்டர் கணக்கு. ஃபோக்ஸ்வாகன் எம்க்யூ200, எம்க்யூ250 என்று பெயரிலேயே டார்க் வகுப்பைச் சொல்லிவிடுகிறது.

பாய்க்கு இந்த எண்கள் வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவ வந்தவர். அம்பாசடர், பத்மினி காலத்தில் கியர்பாக்ஸ் வேலை என்றால் பெரும்பாலும் தேய்மானம்தான் என்றார். அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜின் கொடுத்த டார்க், இந்தச் சின்ன டீசலில் ஏறக்குறைய பாதி. டர்போ டீசல்கள் வந்த பிறகுதான், மெதுவாகப் போகும்போதே பெரிய கியரில் மிதித்து முறித்துக்கொண்டு வருகிறார்கள்.

நண்பரின் காரில் கிளட்ச்சும் புதிது. 240-ஐத் தாங்காமல் பழைய கிளட்ச் நழுவியதாம். ரீமேப் போட்டவரே கனமான ஒன்றை மாட்டிவிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். கிளட்ச்தான் கியர்பாக்ஸுக்கு ஃபியூஸ். ஃபியூஸ் போகிறதென்று கம்பியைக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். டார்க்கை விற்றவருக்குப் பணம் போய்விட்டது. கிளட்ச் விற்ற வகையிலும் போனது. பல் உடைந்ததும் மாற்று கியர்பாக்ஸ் தேடித்தர ஒரு புரோக்கர் வந்தார். ‘கம்மியா ஓடின வண்டி’ என்று அவர் கொண்டுவந்த கியர்பாக்ஸில் சத்தம் தெரியாமலிருக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பாய் காந்தத்தை விட்டுப் பார்த்து, திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த நல்ல கியர்பாக்ஸில் புரோக்கர் எடுத்த கமிஷன், அதை முழுக்கப் பிரித்து மாட்டிய பாயின் கூலியைவிட அதிகம். முதுகு வளைய இரண்டு பேர் தூக்கி ஏற்றிய வேலைக்கு அவ்வளவுதான் விலை. போனில் பேசியவனுக்கு அதைவிடக் கூடுதல். எந்தத் தொழிலைத் தொட்டாலும் இதே அநியாயம்தான்.

ரீமேப் போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்ஜின் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்காதீர்கள். அதைத்தான் அவர்களே சொல்வார்களே. உங்கள் காரின் கியர்பாக்ஸ் எந்த டார்க் வகுப்பைச் சேர்ந்தது, புதிய அளவு அதற்குள் அடங்குமா, பல் உடைந்தால் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.