லுத்தோ என்ற சொல்: பர்மா, 1990

1990 மே 27 அன்று பர்மாவில் நடந்த பொதுத்தேர்தலைப் பற்றிய விவாதம் 36 ஆண்டுகளுக்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அதில் வாக்குகள் எண்ணப்பட்ட விதம் குறித்துப் பெரிய தகராறு எதுவும் எழவில்லை என்பதுதான் விநோதம். ராணுவ அரசின் தேர்தல் ஆணையமே முடிவுகளை அறிவித்தது. தேர்தல் நடந்த 485 தொகுதிகளில் 392 தேசிய ஜனநாயக லீக்குக்குச் சென்றன. பழைய ஆளுங்கட்சியின் மறுபிறவியான தேசிய ஒற்றுமைக் கட்சிக்குக் கிடைத்தவை 10. இதே ராணுவம் 2020 தேர்தலுக்குப் பின் வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறைகேடுகள் என்று சொல்லி, 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கைப்பற்றியது. 1990இல் அந்த வழி அதற்குத் திறந்திருக்கவில்லை. பட்டியல் தயாரித்ததும் எண்ணியதும் அதன் ஆட்சிதான். எனவே சண்டை எண்ணிலிருந்து சொல்லுக்கு இடம்பெயர்ந்தது. மக்கள் வாக்களித்தது எதற்காக?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1988 ஆகஸ்டு எழுச்சியை ரத்தத்தில் அடக்கி, செப்டம்பர் 18 அன்று ஜெனரல் சா மாங் தலைமையில் ராணுவம் நேரடியாக அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. (நேரடியாக என்று சொல்லவேண்டியிருக்கிறது, 1962 முதல் நே வின் நடத்திய ஒருகட்சி ஆட்சியும் ராணுவம் பெற்ற பிள்ளைதான்.) புதிய அதிகார அமைப்பின் பெயர் அரசுச் சட்ட ஒழுங்கு மீட்புக் குழு. பர்மியர்கள் தம் வழக்கப்படி முதலெழுத்துகளைக் கோத்து அதை ‘ந வ த’ என்றார்கள். அதன் முதல் பிரகடனத்திலேயே பலகட்சித் தேர்தல் வாக்குறுதியாக இடம்பெற்றிருந்தது. வாக்குறுதி நிறைவேறியது; ஆனால் ஆங் சான் சூச்சி 1989 ஜூலை 20 முதல் வீட்டுக்காவலில் இருந்தார், அவருடைய வேட்பாளர் தகுதி மறுக்கப்பட்டது, ஐந்து பேருக்குமேல் கூடத் தடை இருந்தது. 93 கட்சிகள் களத்தில் நின்றதால் வாக்குகள் சிதறும், எந்தக் கட்சியும் தலைதூக்காது என்று ஜெனரல்கள் கணக்கிட்டிருக்கவேண்டும். வேறு எதைக் கொண்டும் அந்த வாக்கெண்ணிக்கையின் நேர்மையை விளக்க முடிவதில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். 1989 மே 31 அன்று வெளியான தேர்தல் சட்டத்தின் பெயர் ‘பியீது லுத்தோ’ தேர்தல் சட்டம். பியீது என்றால் மக்கள். லுத்தோ பழைய சொல். மன்னராட்சிக் காலத்தில் அமைச்சர் அவையைக் குறித்தது. ‘லுத்’ என்பதற்கு விடுவித்தல் என்று பொருள். ‘தோ’ அரசர்க்குரிய மதிப்பு விகுதி. அரச ஆணை வெளிப்படும் இடம் என்று விரித்துக்கொள்ளலாம். 1974 அரசியலமைப்பு அதே சொல்லை எடுத்து, நாட்டின் உச்ச அதிகார அமைப்பான ஓரவைச் சட்டமன்றத்துக்குப் பியீது லுத்தோ என்று பெயரிட்டது. ஆகவே 1990இல் வாக்குச்சாவடிக்குப் போன ஒருவருக்கு இந்தச் சொல் புதியதோ புதிரானதோ அன்று. 16 ஆண்டுகளாக அது ஆட்சி அதிகாரத்தின் பெயர். அந்தச் சட்டமன்றம் வெறும் தலையாட்டி மன்றமாக இருந்தது உண்மைதான். அது நடைமுறையின் குறை, சொல்லின் பொருளில் இருந்த குறை அல்ல.

தேர்தல் முடிந்து சரியாக இரண்டு மாதங்களில், 1990 ஜூலை 27 அன்று, பிரகடனம் 1/90 வெளியானது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பொறுப்பு வருங்கால அரசியலமைப்பை எழுதுவது என்றது அது. சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் ‘ந வ த’விடமே இருக்கும், எந்த அரசியலமைப்பும் அதைக் கட்டுப்படுத்தாது.

இங்கேதான் ஒரு மொழியியல் சான்று குறுக்கே நிற்கிறது. அரசியலமைப்பு எழுதும் அவைக்குப் பர்மிய மொழியில் தனிச்சொல் உண்டு. 1947இல் ஆங் சான் காலத்தில் அப்படியோர் அவைக்குத் தேர்தல் நடந்தபோது அதன் பெயர் ‘தைங்பியூ பியீபியூ லுத்தோ’. தைங், பியீ இரண்டும் நாட்டைக் குறிக்கும் இணைச்சொற்கள். பியூ என்றால் ஆக்குதல். நாட்டை ஆக்கும் அவை. இவ்வளவு தெளிவான சொல் கைவசம் இருக்க, 1989 சட்டம் அதைத் தொடவே இல்லை. இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாக்குக் கேட்டுவிட்டு, வென்றவரிடம் மற்றச் சொல்லின் பொருளை நீட்டினார்கள்.

எதிர்வாதமும் வலுவானதுதான், அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பிரிட்டனின் முன்னாள் தூதர் டெரிக் டொங்கின் 2007இல் எழுதிய கட்டுரை, ராணுவம் வாக்கு மீறியது என்ற பொதுக்கருத்தையே கேள்விக்குள்ளாக்கியது. புதிய அரசியலமைப்பு வந்த பிறகே அதிகாரம் கைமாறும் என்று ராணுவத் தரப்பு தேர்தலுக்கு முன்பே பேசியிருந்தது. அது மட்டுமன்று, 1974 அரசியலமைப்பு செயலிழந்துவிட்ட நிலையில் பியீது லுத்தோவின் அதிகாரத்தை வரையறுக்கும் ஆவணம் எதுவும் இல்லை. தேர்தல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டு லுத்தோ அமைக்கப்படும் என்கிறது. அமைக்கப்படும், சரி, யாரால், எப்போது? செயப்பாட்டு வினையில் எழுவாயை ஒளித்துவைப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம். ஆனால் அந்த மௌனம் சட்டம் எழுதியவர்களின் மௌனம். அதன் பலனை எழுதியவர்களே அனுபவிக்கலாமா என்ற கேள்விக்கு எதிர்வாதத்தில் விடையில்லை.

பிரகடனத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தேசிய ஜனநாயக லீக்கின் உறுப்பினர்கள் ரங்கூனில் கூடினார்கள். கூடிய இடத்தின் பெயர் காந்தி மண்டபம். செப்டம்பருக்குள் லுத்தோவைக் கூட்டவேண்டும் என்று தீர்மானித்தார்கள். லுத்தோ கூடவில்லை. மண்டலேயில் பிக்குகள், ராணுவத்தினரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பிச்சை ஏற்பதை நிறுத்தினார்கள். பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தல் என்ற இச்செயலுக்கு விநய மரபில் இடமுண்டு. பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கான அன்றாடச் சொல்லே ‘தபெய்க் ம்மௌக்’, அதாவது பாத்திரக் கவிழ்ப்பு. அக்டோபரில் மடாலயங்களுக்குள் படை புகுந்தது. கைதாகாமல் எஞ்சியவர்களிடம் பிரகடனம் 1/90ஐ ஏற்பதாகக் கையெழுத்து வாங்கப்பட்டது. சிலர் எல்லை கடந்து, டிசம்பரில் மனெப்லாவில் செயின் வின் தலைமையில் மாற்று அரசொன்றை அறிவித்தார்கள்.

பிரகடனத்தை அதன் சொந்தச் சொற்களாலேயே அளந்து பார்த்தாலும் அது தேறுவதில்லை. உறுப்பினர்களின் பணி அரசியலமைப்பு எழுதுவது என்றால், அதை அவர்கள் அல்லவா எழுதியிருக்கவேண்டும்? 1993இல் தொடங்கிய தேசிய மாநாட்டில் 702 பிரதிநிதிகள் இருந்தார்கள். அவர்களில் 1990இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 99 பேர். வருங்கால அரசியல் தலைமையில் ராணுவத்துக்குப் பங்கு என்பது மாநாடு தொடங்கும் முன்பே விதிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. 1995இல் லீக் வெளியேறியது. இறுதியில் 2008இல், நர்கிஸ் புயலில் இறந்தவர்களின் உடல்கள் ஐராவதிக் கழிமுகத்தில் கிடக்கும்போதே, பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கு என்று அதில் எழுதியிருந்தது.

2010 மார்ச்சில் புதிய தேர்தல் சட்டங்கள் வந்தன. 1989 சட்டம் ரத்தானது. அதன்கீழ் நடந்த தேர்தலின் முடிவுகளும் அதனுடனேயே செல்லாதவையாயின. அதிகாரம் எதுவும் தராத தேர்தல் என்று 20 ஆண்டுகள் சாதித்தவர்கள், அதன் முடிவைச் சட்டம் போட்டு ஒழிக்கவேண்டியிருந்தது. அதற்குள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள். சிலர் சிறையில், சிலர் அயல்நாடுகளில். அந்த 485 பேரும் ஓர் அவையில் ஒரு நாள்கூட ஒன்றாக அமர்ந்ததில்லை.