ஆரன் தீவின் வெண்கம்பளிச் சட்டை

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாயிலில், அட்லாண்டிக் மாகடலை நெஞ்சால் தடுத்து நிற்பனபோல் மூன்று தீவுகள் கிடக்கின்றன. பெரியது இனிஷ்மோர், நடுவில் உள்ளது இனிஷ்மான், சிறியது இனிஷியர். மூன்றையும் சேர்த்து ஆரன் தீவுகள் என்பர். ரோசவீல் துறைமுகத்தில் படகேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இனிஷ்மோரின் கில்ரோனன் துறையில் இறங்கிவிடலாம். கடல் அமைதியாக இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் சென்ற நாளில் அது அமைதியாக இல்லை.

கரையில் கால் வைத்ததும் கண்ணில் படுவது கல். எங்கு நோக்கினும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அப்பாறையைப் பெயர்த்துச் சாந்தின்றி அடுக்கிய சுவர்கள். சுவர்களுக்கு நடுவே கைக்குட்டை அளவு வயல்கள். அவ்வயல்களின் மண்ணும் இயற்கை தந்ததன்று. கடல் மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து, வெறும் பாறைமேல் பரப்பி, தலைமுறை தலைமுறையாக மனிதர் உண்டாக்கிய மண் அது. அதில் உருளைக்கிழங்கு விளைந்தது, புல் முளைத்தது, புல்லைத் தின்று ஆடு வளர்ந்தது. மரம் மிக அரிது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் புனித எண்டா இனிஷ்மோரில் துறவு மடம் ஒன்றை நிறுவினார். அவர் பெயரால் அமைந்த சிறு கோயில் இன்று கடற்கரை இடுகாட்டு மணலில் பாதி புதைந்து நிற்கிறது. மூன்று தீவுகளிலும் சேர்ந்து 2016-இல் வாழ்ந்தோர் 1,200 பேருக்குச் சற்று மேல். இவர்கள் வீட்டிலும் கோயிலிலும் பேசுவது ஐரிஷ் மொழி.

இச்சிறு தீவுகளின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது ஒரு கம்பளிச் சட்டை. பால் வெண்மையான தடித்த நூலில், முறுக்கிய வடம்போலும் தேன்கூடு போலும் வைர வடிவமாகவும் புடைத்து நிற்கும் பின்னல்களோடு கூடிய ‘ஆரன் ஸ்வெட்டரை’ வாசகர்கள் படத்திலேனும் பார்த்திருக்கக்கூடும். அதைப்பற்றி வழங்கும் கதைகளும் பல. அவற்றைச் சொல்லுமுன் அச்சட்டைக்கு முந்திய வேலையைச் சொல்லிவிடுவோம். கதைகளில் இடம்பெறாதது அதுதான்.

பழைய நாளில் ஆரன் வீடுகளில் ஆட்டு மயிரைக் கத்தரிப்பது முதல் காலுறை பின்னி முடிப்பது வரை எல்லாம் வீட்டு வேலையே. கத்தரித்த மயிரில் முள்ளும் மண்ணும் பிசுக்கும் இருக்கும். அதைக் கழுவ வேண்டும். ஆனால் ஆட்டின் உடலில் ஊறும் மெழுகு முழுவதும் போய்விடாமல் கழுவ வேண்டும். மழைத்துளியை உருட்டிவிடுவது அந்த மெழுகே. பிறகு சிக்கெடுத்து, கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கிடையே இட்டுச் சீவுவார்கள். ஒரு பலகை நிற்க மற்றது இழுக்க, மயிர்கள் தளர்ந்து பஞ்சுபோல் ஆகும். அதை உருட்டித் திரிகளாக்கி மடியில் அடுக்கிக்கொள்வார்கள். ஒருவர் நூற்பதற்கு மற்றொருவர் ஓயாமல் சீவித் தரவேண்டியிருக்கும். குழந்தைகள் தப்பிக்க முடியாத வேலை இது.

நூற்கும் இராட்டை நம் நாட்டு இராட்டையைப் போன்றதன்று. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த பெரிய சக்கரம். அதன் முன்னே நின்றுகொண்டுதான் நூற்க வேண்டும். வலக்கை சக்கரத்தைச் சுழற்றும். இடக்கை திரியைப் பிடித்துக்கொண்டு கதிரிலிருந்து விலகும். கை மட்டும் விலகினால் போதாது. நூற்பவளும் பின்னோக்கி நடக்க வேண்டும். நடக்க நடக்கத் திரி மெலிந்து நீளும், முறுக்கு ஏறும். பிறகு முன்னோக்கி நடந்து, முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றிவிட வேண்டும். மீண்டும் பின்னே, மீண்டும் முன்னே. விரல் சற்று இறுகினால் நூல் அறும். தளர்ந்தால் கட்டி விழும். ஒரு மாலைப் பொழுதில் அப்பெண் தன் அடுக்களைக்குள்ளேயே எத்தனை மைல் நடந்திருப்பாள் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

இவ்வாறு நூற்ற இழைகளை இரண்டோ மூன்றோ சேர்த்து, முதல் முறுக்குக்கு எதிர்த் திசையில் முறுக்கினால்தான் நூல் சுருண்டுகொள்ளாமல் நேராக நிற்கும். அதைச் சிட்டமாக்கிக் கழுவி உலர்த்துவர். சாயம் ஏற்றாத இந்த வெண்மைக்கு ‘பானீன்’ என்று பெயர். வெண்மை என்னும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. நூலின் பெரும்பகுதி நெசவாளியிடம் போய்ச் சட்டைத் துணியாகத் திரும்பி வந்தது. பெண்களின் செந்நிறப் பாவாடைத் துணியும் தறியில் வந்ததே. அவர்கள் தலையோடு போர்த்திய கனத்த கால்வே சால்வையும் நெய்யப்பட்டதேயன்றிப் பின்னப்பட்டதன்று. இடைக்கச்சையைத் தறியே இல்லாமல், நூலின் ஒரு முனையைக் காலில் மாட்டி மறுமுனையைக் கையில் பிடித்து நெய்தார்கள். ஊசியால் பின்னியவை பெரும்பாலும் காலுறைகளே.

அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற சட்டை எப்போது வந்தது? ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று சுற்றுலா ஏடுகள் எழுதும். ஆய்ந்தவர்கள் சொல்வது வேறு. வறுமையில் உழன்ற மேற்குக் கரை மாவட்டங்களுக்கென 1891-இல் அரசு ஒரு வாரியம் அமைத்தது. அது மீன்பிடித் தொழிலைப் பெருக்கியது. வெளியூர்ப் படகுகளும் ஆள்களும் தீவுக்கு வரத் தொடங்கினர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கரைகளின் மீனவர் அணிந்த, நெருங்கப் பின்னிய கருநீலச் சட்டையை ஆரன் பெண்கள் அப்போது பார்த்துக் கற்றிருக்கலாம். அமெரிக்கா சென்று 1908-இல் திரும்பிய தீவுப் பெண்கள் இருவர் அங்கிருந்து புதிய பின்னல்களைக் கொண்டுவந்தனர் என்றும் ஒரு செய்தி உண்டு. எப்படியாயினும் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலர்ந்த கலை.

கடலுக்குச் சென்ற ஆண்கள் அணிந்தது கருநீலம். வெள்ளைச் சட்டையைப் பின்னியது யாருக்கு? சிறுவர்களுக்கு, அவர்களுடைய புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் என்று கூறுவர். இதைக் கேட்டபோது நாம் வியந்தோம் என்று சொல்ல மாட்டோம். தாய்மாரை அறிந்தவர்க்கு இதில் வியப்பென்ன? கடன் வாங்கியேனும் புதுநன்மைப் பிள்ளைக்கு வெள்ளாடை எடுக்கும் வழக்கத்தை நம் பங்குகளிலும் காண்கிறோம். துணிக்கடை இல்லாத தீவில் ஒரு தாய் தன் மகனை ஊரார் முன் பீடத்துக்கு அனுப்ப, தன் கையிலிருந்த ஊசியையும் நூலையும் கொண்டு இயன்றதனைத்தும் செய்தாள். பக்கத்து வீட்டுச் சிறுவனின் சட்டையைவிடத் தன் மகனுடையதில் ஒரு வடமேனும் கூடுதலாக ஓடவேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இல்லாமலா இருந்திருக்கும்!

நிற்க. நாம் புகுந்த கடையொன்றின் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. ஐரிஷ் குடும்பப் பெயர்கள் அகரவரிசையில். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனிப் பின்னல். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் தம் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கண் கலங்க அச்சட்டையைத் தடவிப் பார்த்தனர். கடலில் மூழ்கிய மீனவனின் உடல் முகம் சிதைந்து கரையொதுங்கினால், சட்டையின் குலப் பின்னலைக் கொண்டு அவன் இன்ன வீட்டு மகன் என்று அறிந்து அடக்கம் செய்வார்கள். இது அட்டவணையின் அடியில் எழுதியிருந்த விளக்கம். கடலோரப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கு இவ்வரி எப்படி நெஞ்சில் இறங்கும் என்பதை அறிவோம். ஆயினும் இது நடந்த செய்தியன்று.

இக்கதையின் விதை ஒரு நாடகத்தில் உள்ளது. ஜான் மில்லிங்டன் சிங் என்ற எழுத்தாளர் 1898 முதல் ஐந்து ஆண்டுகள் ஒவ்வோராண்டும் ஆரன் தீவுக்கு வந்து தங்கினார். அவர் எழுதி 1904-இல் மேடையேறிய ‘கடலுக்குச் செல்வோர்’ என்னும் நாடகத்தில், தொலைவில் டானிகால் கரையில் ஒதுங்கிய உடலின் ஆடையைத் தங்கையிடம் கொண்டுவருகிறார்கள். அவள் பின்னலின் கண்ணிகளை எண்ணிப் பார்த்து, விடுபட்ட கண்ணிகளைக் கொண்டு, அது தான் பின்னியதே என்று அறிகிறாள். அது சட்டையன்று, சாதாரணக் காலுறை. அவள் அறிந்தது குலத்தின் பின்னலை அன்று, தன் கைவேலையை. சிங் தம் பயண நூலில் பதிவு செய்த உண்மை நிகழ்ச்சியிலோ பின்னலே இல்லை. ஒற்றைத் தோல் செருப்பு, கோடிட்ட சட்டை, அதன் பையில் ஒரு பணப்பை, ஒரு புகையிலைப் பெட்டி. இவற்றைக் கொண்டே தீவு மக்கள் தம் இறந்தவனை அடையாளம் கண்டனர்.

மற்றொரு கதை நம்மைப் போன்றோரை நேராகத் தொடுவது. மும்மூன்று கண்ணியாகப் பின்னுவது மூவொரு இறைவனைக் குறிக்கும். ஏணிப் பின்னல் யாக்கோபு கண்ட ஏணி. கிளைவிடும் பின்னல் வாழ்வின் மரம். பண்டைத் துறவியர் தந்த மறைபொருள்கள் இவை என்பர். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் இதைப் பரப்பியவர் துறவியல்லர். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் நூல்கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவ. 1936-இல் டப்ளினில் இச்சட்டை ஒன்றைக் கண்டு மயங்கிய அவர், பழைய கெல்ஸ் மறைநூல் ஏட்டின் ஓவியங்களிலேயே இதன் சாயலைக் கண்டதாக எண்ணி, 1967-இல் ‘பின்னற்கலையின் புனித வரலாறு’ என்று நூலே எழுதிவிட்டார். நூல் விற்பவர்க்கு அது வாணிபத்துக்கும் உதவியது என்று சொன்னால் பொல்லாப்பில்லை. இக்கூற்றுகளுக்கு ஆதாரமில்லை என்று 1987-இல் தம் பின்னற்கலை வரலாற்றில் மறுத்தவர் ரிச்சர்டு ரட். அவர் யார் தெரியுமா? அப்போது லெஸ்டர் நகரின் ஆங்கிலிக்கன் ஆயர். தாமே ஊசி பிடித்துப் பின்னத் தெரிந்தவர். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து 1995-இல் குருவானவர்! பொய்யான பக்திக் கதையைக் களைந்தவர் ஓர் ஆயர் என்பது நமக்கு நிறைவளித்தது. பக்திக்கு மெய்யான சான்றுகளுக்கா குறை? 1400-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானிய ஓவியர் பெர்ட்ரம் தீட்டிய பீட ஓவியத்தில், நம் அன்னை நான்கு ஊசிகளைக் கொண்டு தையலில்லா அங்கியைப் பின்னிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

இனிஷ்மானில் ஒரு வீட்டு வாசலில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. குலப் பின்னலைப்பற்றி வினவினோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“கடைக்காரர் எந்தப் பின்னலைக் கேட்டாரோ, அதுவே எங்கள் குலப் பின்னல் ஐயா!” என்றார்.

பிறகு சிரிப்பின்றியே சொன்னார். நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள். முடிந்த சட்டையையும் எடை போட்டே வாங்குவார்கள். ஒரு சட்டைக்குப் பல வார மாலைகள் செல்லும். கிடைத்த கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்க அவர் தாய் ஒருநாளும் துணியவில்லையாம். ஆயினும் அப்பணம் வீட்டில் அவர் கையில் விழுந்த பணம். மாவும் தேநீரும் பிள்ளைகளின் காலணியும் அதில் வந்தன. மீன் இல்லாத மாதத்திலும் அது வந்தது.

இதைக் கேட்ட பின்னர், சுவரிலிருந்த அட்டவணைமீது நமக்குச் சினமே உண்டாயிற்று. அப்பெண்கள் இறப்புக்காகப் பின்னினார்கள் என்கிறது அது. அவர்கள் பின்னியது பிழைப்பதற்காக.

கேட்போர் பெருகிய வரலாறும் அதிகப் பழமையுடையதன்று. நாட்டுப்புறக் கைவினைப் பொருள்களை விற்பதற்கென 1930-இல் டப்ளினில் மியூரியல் கஹன் அம்மையார் ஒரு கடை திறந்தார். ஆரன் சட்டைகள் அங்கு விலை போயின. 1940-களில் பின்னல் முறைகள் அச்சாயின. 1961-இல் கிளான்சி சகோதரர் என்ற பாடகர்கள், குளிருக்கென்று தாய் அனுப்பிய வெண்ணிறச் சட்டைகளோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினர். பிறகு தீவுப் பெண்களின் ஊசிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கையால் நூற்ற நூல் போய் ஆலை நூல் வந்தது. ஊசி போய்ப் பின்னல் இயந்திரம் வந்தது. இன்று கடைகளில் மலைபோல் குவிந்திருப்பவை பெரும்பாலும் இயந்திரப் பின்னல். நூலும் பலவற்றில் அயல்நாட்டு மெரினோ ஆட்டின் கம்பளி. அயர்லாந்தின் சொந்த ஆட்டு மயிரோ, அண்மைக் காலத்தில் கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் காணாத விலைக்குப் போகிறது. இயந்திரத்தைப் பழிக்கவும் மனம் வரவில்லை. இனிஷ்மானில் 1976-இல் தொடங்கப்பட்ட சிறு பின்னல் ஆலை, இளையோர் தீவைவிட்டுப் போகாமலிருக்க வேலை தந்தது.

கைப்பின்னலையும் இயந்திரப் பின்னலையும் பிரித்தறிவது எளிது. கைப்பின்னல் கனக்கும், வடங்கள் ஆழமாகப் புடைத்து நிற்கும், தேன்கூட்டுப் பின்னலுக்குள் விரல் நுனி புதையும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் உடலுக்கு ஈரமாகத் தோன்றாது என்பர். நாம் திரும்பிய நாளின் தூறலில் மேல்தளத்தில் நின்ற படகோட்டியின் பழைய சட்டை அதற்குச் சான்று பகர்ந்தது. அது கருநீலம்.

கடையின் பின்கோடியில், தனி அலமாரியில் கைப்பின்னல் சட்டைகள் சில இருந்தன. விலை மற்றவற்றைப்போல் சில மடங்கு. ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்டியிருந்த சீட்டில், பின்னியவரின் பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. சட்டை வாங்க நம் பை இடந்தரவில்லை. குழந்தைக்கான தொப்பி ஒன்று வாங்கினோம். அதிலும் ஒரு பெயர் இருந்தது.