பித்தப்பைக் கல்: அறுவடைக்கு முன்னாடியா, பின்னாடியா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டரை ஏக்கர் சம்பா, இரண்டு கறவை மாடு. இதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு 53 வயது, அந்த அம்மாவுக்கு 47. வயல் அவர் பொறுப்பு, மாடு அந்த அம்மா பொறுப்பு. மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள்.

ஆவணி மாதம் ஒரு காதுகுத்து விருந்து. வயிறாரக் கறிச்சாப்பாடு. அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுப் பக்கம் ஏறி வலது தோள்பட்டையில் போய் நின்றது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாந்தி எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து வலி வந்த சுவடே இல்லை. 'வாய்வுதான்' என்று மாமியார் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். விடிந்ததும் வழக்கம்போலப் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோனார் அந்த அம்மா.

புரட்டாசியில் நடவு முடிந்த வாரம் இன்னொரு தடவை. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, ஏழாம் நாள் வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வந்ததுதான் மூன்றாவது. இந்தத் தடவை நாலு மணி நேரம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு போய் எடுத்தார்கள். பித்தப்பையில் பல கற்கள். பையின் சுவர் தடிக்கவில்லை, பித்தநாளத்தில் அடைப்பில்லை என்று வந்தது.

உடனே வாழைத்தண்டுச் சாறு ஆரம்பமாகிவிட்டது. இது நம் ஊர்களில் ரொம்பப் பேர் செய்கிற தவறு. வாழைத்தண்டைச் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. அந்தக் கல்லுக்குச் சிறுநீரோடு வெளியேற ஒரு வழி இருக்கிறது. பித்தப்பை வேறு இடம். கோழி அறுத்துச் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தெரியும்: ஈரலை ஒட்டிப் பச்சையாக ஒரு பை இருக்கும், அது உடைந்தால் கறி முழுக்கக் கசந்துவிடும். மனிதருக்கும் அதே பைதான். ஈரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்பான சாப்பாடு குடலுக்கு வரும்போது சுருங்கிப் பீய்ச்சிவிடும். அப்படிச் சுருங்கும்போது கல் வாயில் மாட்டினால் வலி. கல் உருண்டு விலகினால் வலி நின்றுவிடும். விருந்துக்குப் பிறகு வந்ததும், தானாகப் போனதும் அதனால்தான். நாட்கணக்கில் பட்டினி கிடந்தாலும் பித்தநீர் பையிலேயே தேங்கிக் கெட்டிப்படும்.

மாட்டுக்கும் இந்தக் கல் உண்டு. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் உண்டாகிற கல்தான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லதும்மா. இன்னிக்கே படுக்கணும்னு இல்லை. ஆனா ரொம்பத் தள்ளாதீங்க" என்றார்.

வீட்டுக்காரருக்கு அதில் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. "இன்னிக்கே வேணாம்னுதானே சொன்னாங்க. தை அறுப்பு முடியட்டும், மாசியில பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலுக்குத் தண்ணீர் வடிக்க ஆள் வேண்டும். மாடு கறக்க வேறு ஆள் கிடையாது. பால் பணத்தில்தான் கடன் தவணை போகிறது. போதாததற்கு அவர் அக்கா ஒருத்தர் இருக்கிறார். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல் தெரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள் வலி கிடையாது. "அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இந்தக் கேள்வியை அந்த அம்மாவே அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டார். "வலியே தராத கல்லுன்னா, தனிக் காரணம் இருந்தாலொழிய நாங்க பையைத் தொடமாட்டோம். உங்க நாத்தனாரை விட்டுடலாம். ஆனா ஒருதடவை வலி காட்டின கல்லு திரும்பவும் காட்டும். அது எப்பன்னு நமக்குத் தெரியாது" என்றார் அவர். கல் பையில் இருந்து நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி வரும், அது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொன்னார். சும்மா இருக்கிற பையை நான்கு சிறு துளை போட்டு எடுத்துவிடலாம். அழற்சி வந்து ஒட்டிக்கொண்ட பை என்றால் வயிற்றைத் திறக்க வேண்டிவருகிற வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்காரர் அப்போதும் இழுத்தார். அந்த அம்மாவின் பதில் வயலில் இருந்தே வந்தது. "ஏங்க, ஒரு குருத்து காஞ்சா மருந்து அடிக்காத, நூத்துக்குப் பத்து காஞ்சா அடின்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு மூணு தடவை காஞ்சாச்சு. இன்னும் எத்தனைக்கு நிக்கிறீங்க?"

உழவர் வயல்வெளிப் பள்ளியில் அவர் கற்றுக்கொண்ட பொருளாதார சேதநிலைக் கணக்கு அது. தண்டுத்துளைப்பானுக்கு நடுக்குருத்து காய்வது பத்து சதவிகிதத்தைத் தொடும்வரை பொறுக்கலாம். தொட்டபிறகு பொறுப்பவர் விவசாயி இல்லை. அவருக்கு மறுபேச்சு வரவில்லை.

அதே வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சேதியும் வந்தது. அங்கே ஒருவர் இப்படித்தான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கண் மஞ்சளானதும் பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். அடைத்திருந்தது கல். வாய்வழியாகக் குழாய் விட்டு முதலில் நாளத்துக் கல்லை எடுத்து, பிறகு தனியாகப் பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி காலண்டரைக் கையில் எடுத்தார் வீட்டுக்காரர். எப்போது செய்வது என்ற யோசனை அப்போதுதான் ஒழுங்காக ஆரம்பித்தது. கார்த்திகை வேண்டாம், மழை, மேலுரம். தை பாதிக்கு மேல் அறுப்பு. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் பளு தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மார்கழி முதல் வாரம் என்றால் எல்லாம் பொருந்தி வந்தது. இரண்டு மாட்டில் ஒன்று ஏழு மாதம் முடிந்த சினை. கார்த்திகைக் கடைசியில் கறவையை நிறுத்தியே ஆகவேண்டும். மீதி ஒரு மாட்டை அவரே கறந்துகொள்ளலாம்.

ஒரு மாதம் காத்திருந்ததும் வீண் போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் அந்த அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.6 தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஏற்றினார்கள். எண்ணெய்ப் பலகாரம், கொழுப்புக் கறி நிறுத்தம். விரதமும் நிறுத்தம்; மாமியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வலி ஐந்தாறு மணி நேரம் விடாமல் இருந்தாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் காபிபோலப் போனாலோ காலண்டரைப் பார்க்காமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

இந்த இடைவெளியில்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் தேடி எடுத்தார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இருந்தது, ஆனால் ஆதாரில் பெயர் எழுத்து வேறு மாதிரி. அதைத் திருத்த நாலு நாள் அலைந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏறிப் போயிருந்தால் அதற்கெல்லாம் ஏது நேரம்?

கடைசியாக அந்த அம்மாவுக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது. பை போய்விட்டால் சோறு செரிக்குமா? செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி இல்லாவிட்டால் சுரக்கிற நீர் நேராகக் குடலுக்குப் போகும். குதிரைக்கும் புறாவுக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. சிலருக்கு மட்டும் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும்.

மார்கழி 3-ம் தேதி ஆபரேஷன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாமியார் எண்ணிப் பார்த்தார், பதினேழு. வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் கறந்ததில் பால் ஒன்றரை லிட்டர் குறைந்தது. மாடு கை மாறினதைக் கண்டுபிடித்துவிட்டது. பிறகு பழகிக்கொண்டது.

தை 12-ம் தேதி அறுவடை இயந்திரம் இறங்கியது. களத்து ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா, சாய்ந்து கிடந்த ஒரு மூட்டையை நிமிர்த்த எழுந்தார். வயலுக்குள் இருந்தே சத்தம் போட்டார் வீட்டுக்காரர்:

"ஏ புள்ள, வையி கீழ! இன்னும் நாலு நாள் இருக்கு!"